எல்லிஸின் கல்லூரி: பேசியவருக்கு என்ன மதிப்பு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மொழியியல் துறைகளில் ஒரு வழக்கம் உண்டு. அறிமுகப் பாடம் படிக்கும் மாணவர் பருவத்துக்கு ஓரிரு முறை துறையின் ஆய்வுக்கூடத்தில் போய் உட்காருகிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு ஒலிகளைக் கேட்டு, அவை ஒன்றா வேறா என்று சொல்கிறார். திரையில் தோன்றும் தொடர்களைத் தம் வழக்கப்படி வாசிக்கிறார். ஒரு வாக்கியம் தம் காதுக்கு இயல்பாகப் படுகிறதா இல்லையா என்று குறிக்கிறார். அரை மணி அல்லது ஒரு மணி நேர வேலைதான். அதற்கு ஈடாக அந்தப் பாடத்தின் மதிப்பில் ஒரு சிறு பங்கு அவர் கணக்கில் சேர்கிறது. பங்கேற்க விரும்பாதவருக்கு வேறோர் எழுத்துப் பணி தரப்படும். எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஆய்வறம்.

கடையநல்லூரிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் உண்டு. பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காகவும் கடல் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அப்படியோர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தால், தாயிடமும் பாட்டியிடமும் கற்ற பேச்சே அங்கு ஆய்வுப் பொருளாகிவிடும். நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்புக்குப் பிறகு, களப்பணிக்கும் ஆய்வுப் பயிற்சிக்கும் ‘கிரெடிட்’ எனப்படும் தகுதிப் புள்ளிகள் உறுதிப்பட்டு வருகின்றன. வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுதும் நடந்தால் ஒரு புள்ளி. ஆய்வுக்கூடம், களப்பணி என்றால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. ஆக, ஒலிப்பதிவுக் கருவியோடு நம் ஊர்த் தெருக்களுக்கு வரும் மாணவர்களின் எண்ணிக்கை இனிக் கூடலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மொழி ஆய்வில் கேட்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர். கேட்டவருக்குப் புள்ளியும் பட்டமும் கிடைக்கின்றன. பேசியவருக்கு என்ன கிடைக்கிறது? இது புதிய கேள்வியன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் மொழிக்கென்றே ஒரு கல்லூரியை அமைத்து, தென்னக மொழிகள் தனிக் குடும்பம் என்று முதன்முதலில் சான்று காட்டி அச்சிட்ட ஒருவரின் வாழ்க்கை முழுதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது. அவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழர் அவரை எல்லீசன் என்றும் எல்லீசர் என்றும் அழைத்தனர்.

பத்தொன்பது வயதில் வந்த எழுத்தர்

எல்லிஸ் 1777இல் பிறந்தார். 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது அளவில் இருக்கும். கம்பெனிப் பணியில் ‘எழுத்தர்’ என்பதே முதற்படி. வருவாய் வாரியத்தில் படிப்படியாக உயர்ந்து 1802இல் அதன் செயலாளரானார். 1806இல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாகப் பணியேற்றார். 1809இல் நிலச் சுங்கத்துக்கும், 1810இல் சென்னைக்கும் கலெக்டர் ஆனார். இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார்.

பதவிகளின் இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், அவர் மொழி கற்ற வழியும் தெரியும். வருவாய் வாரியத்தில் நிலம், வாரம், மிராசு ஆகியவை பற்றிய ஆவணங்களோடு பழகினார். அவை தமிழிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் மராத்தியிலும் இருந்தன. மசூலிப்பட்டினத்தில் தெலுங்கு வழங்கும் நிலத்தில் நீதிமன்றம் நடத்தினார். ஒரு வழக்கில் இரு தரப்பும் பேசுவதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளாத நீதிபதி, மொழிபெயர்ப்பாளரின் கைப்பாவை ஆகிவிடுவார். அன்றைய கம்பெனி அதிகாரிகளுள் பலர் அப்படித்தான் இருந்தனர். எல்லிஸ் அப்படி இருக்க விரும்பவில்லை.

அவர் பண்டிதர்களைத் தேடிச் சென்றார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களுள் இராமச்சந்திரக் கவிராயரின் பெயர் சொல்லப்படுகிறது. வடமொழியும் தெலுங்கும் அறிந்த சங்கரையா அவரோடு நெடுங்காலம் பணியாற்றினார். திருக்குறள் ஏடு எல்லிஸின் கைக்கு வந்த கதையும் கவனிக்கத்தக்கது. ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் சமையற் பொறுப்பில் இருந்தவர் கந்தப்பன். அவரே தம் குடும்பத்தில் பாதுகாத்து வந்த ஏடுகளைக் கொடுத்தார் என்றும், அவை எல்லிஸிடம் சேர்ந்தன என்றும் கந்தப்பனின் பேரர் அயோத்திதாசப் பண்டிதர் பின்னாளில் எழுதினார். ஏட்டைக் கொடுத்தவரின் பெயர் நூற்றாண்டுக் காலம் கழித்து, அவருடைய பேரர் பேனா பிடித்ததால்தான் வெளியே தெரிந்தது.

மொழிக்கென்று ஒரு கல்லூரி

கம்பெனியின் இளம் அதிகாரிகள் பதினாறு, பதினேழு வயதில் கப்பல் ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிப்பது எப்படி? கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி 1800இலேயே தொடங்கிவிட்டது. அங்கே வங்காளமும் இந்துஸ்தானியும் பாரசீகமும் கோலோச்சின. அங்கே பயின்ற ஒருவர் திருநெல்வேலியிலோ கடப்பையிலோ வரி வசூலிக்க முடியாது. தெற்குக்கு உரியது தெற்கிலேயே அமைய வேண்டும் என்று எல்லிஸ் வாதிட்டார். அவர் வகுத்த திட்டத்தின்படி 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதை நடத்திய மேற்பார்வைக் குழுவின் தலைமை உறுப்பினராக எல்லிஸ் விளங்கினார். சென்னை நுங்கம்பாக்கத்தின் கல்லூரிச் சாலை இன்றும் அக்கல்லூரியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அக்கல்லூரியில் இருவகை மாணவர் இருந்தனர். ஒருவகையினர் ஆங்கிலேய இளம் அதிகாரிகள். அவர்கள் மொழித் தேர்வில் தேறினால் மாதப்படி உயரும்; சிறந்து தேறினால் பரிசுப் பணமும் உண்டு. தேறாதவர் உயர் பணிக்குக் காத்திருக்க வேண்டும். இன்றைய சொல்லில் கூறினால், மொழி கற்பதற்குப் புள்ளியும் ஊதியமும் தந்த ஏற்பாடு அது. மற்றொரு வகையினர் இந்நாட்டு இளைஞர்கள். மொழியாசிரியர்களாகவும் நீதிமன்றச் சட்ட அலுவலர்களாகவும் ஆவதற்கு அவர்கள் உதவித்தொகை பெற்றுப் பயின்றனர். இருவகையினருக்கும் கற்பித்தவர்கள் நம் நாட்டுத் தலைமையாசிரியர்கள்.

அந்தத் தலைமையாசிரியர்களின் வரிசை பெருமைக்குரியது. வடமொழிக்கும் தெலுங்குக்கும் பட்டாபிராம சாஸ்திரி, தமிழுக்குச் சிதம்பர வாத்தியார், ஆங்கிலத்துக்குத் தொடக்கத்தில் சங்கரையா. பிற்காலத்தில் தமிழ்த் தலைமையாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் தந்து, தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்றார். கல்லூரிக்கென்று அச்சகமும் நூலகமும் அமைந்தன. அன்றைக்கு அச்சு இயந்திரம் பெரிதும் அரசின் கையிலும் சமயப் பரப்புநர் கையிலுமே இருந்தது. அந்தச் சூழலில், இலக்கண நூல்களையும் அகராதிகளையும் அச்சேற்றிய இடம் இக்கல்லூரி. வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் திரட்ட 1816இல் முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் தெற்கே அனுப்பினார். அந்தத் தேடலின் பயனாக முத்துசாமிப் பிள்ளை எழுதிய வீரமாமுனிவர் வரலாறு, தமிழில் தோன்றிய வாழ்க்கை வரலாற்று உரைநடைகளுள் முன்னோடியாக நிற்கிறது.

சான்று பிறந்த விதம்

1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை என்ற கருத்தை உலகுக்குச் சொன்னது. அதன் வேகத்தில் இந்தியாவின் எல்லா மொழிகளும் வடமொழியின் பிள்ளைகளே என்ற எண்ணம் வட இந்திய அறிஞரிடையே வேரூன்றியது. 1814இல் செராம்பூரில் வில்லியம் கேரி வெளியிட்ட தெலுங்கு இலக்கணமும் அதே அடிப்படையில் எழுதப்பட்டது.

இதற்கு மறுமொழி சென்னையிலிருந்து வந்தது. கல்லூரியின் செயலாளராக இருந்த ஏ.டி. கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816இல் கல்லூரி அச்சகத்தில் வெளிவந்தது. அதன் முன்னுரைக்கு எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். ‘குறிப்பு’ என்ற அடக்கமான பெயருக்குள்தான் ஒரு மொழிக் குடும்பத்தின் பிறப்புச் சான்று இருந்தது.

எல்லிஸ் வாதத்தை மூன்று அடுக்குகளாகக் கட்டினார். முதல் அடுக்கு வேர்ச்சொற்கள். வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அகரவரிசையில் எதிரெதிரே வைத்தார். அவை உறவற்று நின்றன. பிறகு தெலுங்கு, தமிழ், கன்னட வேர்களை அருகருகே நிறுத்தினார்; அவை உடன்பிறப்புகளாகத் தெரிந்தன. இரண்டாம் அடுக்கு சொற்கள். வடமொழியிலிருந்து வந்த சொற்கள் தெலுங்கில் எத்தனை இருந்தாலும், அவற்றை ஒதுக்கிய பின் எஞ்சும் சொற்களே அம்மொழியின் உடல் என்று காட்டினார். மூன்றாம் அடுக்கு தொடரமைப்பு. ஒரே தொடர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பார்த்தார். மூன்றிலும் சொற்கள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. இக்குடும்பத்தில் மலையாளத்தையும் துளுவையும் குடகு மொழியையும் சேர்த்தார். வடக்கே இராஜமகால் மலைமக்களின் பேச்சிலும் இதே குடும்பத்தின் சொற்கள் இருப்பதைச் சுட்டினார்.

இந்தச் சான்றின் உண்மையைக் கடையநல்லூர்ச் சந்தையில் நின்றே உணரலாம். மேற்கே மலை தாண்டினால் மலையாளம். அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சார்ந்த மண்ணாகவே இருந்தது. கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. தமிழர் ‘மூன்று’ என்பதை மலையாளி ‘மூன்னு’ என்கிறார். தெலுங்கர் ‘மூடு’ என்கிறார். கன்னடர் ‘மூரு’ என்கிறார். ‘கண்’ எங்கும் கண்ணாகவே இருக்கிறது. பேரம் பேசும் இருவர் ஒருவர் மொழியை ஒருவர் கற்காமலே பாதி புரிந்துகொள்கிறார்கள். சந்தைக்கு வருபவர் அறிந்ததை ஏட்டில் நிறுவிக் காட்டியது எல்லிஸின் பணி.

யாருடைய அறிவு?

அந்தச் சான்றில் எல்லிஸின் பங்கு எவ்வளவு, பண்டிதரின் பங்கு எவ்வளவு? எல்லிஸ் ஒப்பிட்ட தெலுங்கு வேர்ப்பட்டியல் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்தது. தெலுங்குச் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம், கிராமியம் என்று பிரிக்கும் முறையை மசூலிப்பட்டினத்து அறிஞர் மாமடி வெங்கய்யாவின் ‘ஆந்திர தீபிகை’ அகராதியின் முன்னுரையிலிருந்து எடுத்தாண்டார். வடசொல் எது, நாட்டுச் சொல் எது என்று பிரித்தறியும் கண் இந்நாட்டு இலக்கணிகளுக்கு ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று வகுத்ததும் அந்த மரபுதான். ஐரோப்பியர் சொற்பட்டியல்களை ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தனர். இந்நாட்டார் சொல்லைப் பகுத்து வேர் காணும் முறையை வைத்திருந்தனர். இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மேசையில் சந்தித்தபோதுதான் சான்று பிறந்தது.

அமெரிக்க வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்தும் இதுவே. ‘திராவிடச் சான்று’ என்ற பெயரில் அந்நூல் தமிழிலும் வந்திருக்கிறது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856க்கு நாற்பதாண்டுகள் முன்பே சென்னையில் இந்த உண்மை நிறுவப்பட்டதை அந்நூல் பரவலாக அறியச் செய்தது. குடும்பத்துக்குத் ‘திராவிடம்’ என்ற பெயரை நிலைநாட்டியதும், இலக்கணத்தை விரிவாக ஒப்பிட்டதும் கால்டுவெல்லின் அரும்பணி; அதில் ஐயமில்லை. ஆனால் முதலில் நிலத்தை உழுதவர் எல்லிஸ். அவருக்கு ஏர் கொடுத்தவர்கள் பட்டாபிராமரும் வெங்கய்யாவும் சங்கரையாவும்.

ஒன்றை எல்லிஸுக்காகச் சொல்ல வேண்டும். அவர் தம் உடனுழைப்பாளரை மறைக்கவில்லை. வெங்கய்யாவின் பெயரைச் சொல்லியே அவர் கருத்தை எடுத்தாண்டார். மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் நூலாயின. அதில் சங்கரையாவின் பெயரும் அவர் எழுதிய பகுதியும் இடம்பெற்றன. வெள்ளை அதிகாரி ஒருவர் எழுதிய நூலில் சேரஸ்தாரின் பெயர் ஆசிரியர் நிலையில் வருவது அக்காலத்தில் எளிய செயலன்று. ஆயினும் ஆட்சியின் ஏற்பாடு வேறாக இருந்தது. மொழி கற்ற இளம் அதிகாரிக்குப் பதவி உயர்வு. கற்பித்த பண்டிதருக்கு மாதச் சம்பளம் மட்டும். கலெக்டர் பதவி அவருக்கு எந்நாளும் எட்டாது.

கிணறுகளும் குறளும்

எல்லிஸைத் தமிழர் நினைவில் நிறுத்தியது மொழியாராய்ச்சியன்று, குறளும் தண்ணீரும்தான். 1818இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவர் நகரில் இருபத்தேழு கிணறுகளை வெட்டச் செய்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே பொறிக்கப்பட்ட கல்வெட்டு அச்செய்தியைத் தமிழ்ப் பாட்டில் சொல்கிறது. நாட்டுக்கு நீர்வளம் உறுப்பு என்னும் குறளையும் அதில் சேர்த்திருக்கிறார். கலெக்டர் ஒருவர் தம் நிர்வாகச் செயலுக்கு வள்ளுவரைச் சான்றாக அழைத்த காட்சி அது. சென்னை நாணயச்சாலையில் வள்ளுவர் உருவம் பொறித்த பொன் நாணயம் எல்லிஸின் காலத்தில் அச்சிடப்பட்டதை ஐராவதம் மகாதேவன் பின்னாளில் அடையாளம் காட்டினார்.

குறளின் தொடக்க அதிகாரங்களை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான உரையும் எழுதினார். உரைக்கு மேற்கோளாகச் சங்க நூல் முதல் சிற்றிலக்கியம் வரை பல நூல்களைத் தேடிச் சென்றார். அப்பணி முற்றுப்பெறவில்லை. கிடைத்த பகுதியை 1955இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை. நெல்லைச் சீமைக்காரரான அவர், நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆங்கிலேயரின் குறளுரைக்குப் பதிப்பாசிரியராக அமைந்தது பொருத்தமே.

எரிந்த தாள்கள்

நாற்பது வயதுவரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை என்பது எல்லிஸின் உறுதி. முழுதும் கற்காமல் எழுதக் கூடாது என்ற அறிவடக்கம் அதற்குக் காரணம். 1819இல் விடுப்பெடுத்துத் தெற்கே வந்தார். மதுரையில் தங்கி, அங்கிருந்து இராமநாதபுரம் சென்றார். அங்கே தவறுதலாக ஒரு மருந்தை உட்கொண்டதால் மார்ச் மாதத்தில் உயிரிழந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. எழுதத் தொடங்க வேண்டிய வயதில் எழுத்து நின்றது.

அவர் விட்டுச் சென்ற உடைமைகள் ஏலத்துக்குப் போயின. கையெழுத்துத் தாள்களுள் ஒரு பெரும் பகுதி மதுரைக் கலெக்டரின் மாளிகையில் கிடந்தது. அங்கிருந்த சமையற்காரர் அவற்றை மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்படுத்தினார் என்று வால்ட்டர் எலியட் பின்னாளில் எழுதி வைத்தார். தெலுங்குக்குச் செய்ததைப் போலவே தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி ஆய்வுரைகளை எல்லிஸ் தந்திருக்க வேண்டும். மலையாள ஆய்வுரை தப்பியது. தமிழ் ஆய்வுரை நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சிய தாள்கள் எலியட்டிடமிருந்து ஜி.யு. போப்பின் கைக்கு வந்து, ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன.

சமையற்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையில் கிடைத்தது, யாரும் விலை மதிக்காத பழைய தாள். அதன் மதிப்பை அறிந்தவர் இறந்துவிட்டார். அந்த மதிப்பை அறியக்கூடிய பண்டிதர்கள் சென்னையில் இருந்தார்கள். ஆனால் அத்தாள்களுக்கு உரிமை கொண்டாடும் இடத்தில் அவர்கள் இல்லை. ஆய்வின் ஒரே படி ஒரே மனிதரின் பெட்டியில் இருந்தால், அந்த மனிதரோடு ஆய்வும் போய்விடும். கற்றது கற்பித்தவரிடமே ஒரு படியாகத் திரும்பியிருந்தால், தமிழ் ஆய்வுரை இன்று நம்மிடம் இருந்திருக்கக்கூடும்.

இன்றைய கணக்கு

எல்லிஸின் வாழ்க்கையைக் கடையநல்லூரில் இருந்து படிக்கும்போது மூன்று கருத்துகள் தோன்றுகின்றன.

முதலாவது, பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியில் தொடங்கி 1928 வரை கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழிக் கணக்கெடுப்பு, உலகின் மிகப்பெரிய மொழிப் பணிகளுள் ஒன்று. ஆனால் சென்னை மாகாணம் அதன் களத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அதனால் நம் வட்டாரப் பேச்சுகளைப் பதியும் பொறுப்பு பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தனி ஆய்வாளருக்கும் வந்து சேர்ந்தது. அவர்களின் ஆய்வேடுகளில் பேச்சைத் தந்தவர் பெரும்பாலும் ‘தகவலாளி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் மறைப்பது கடமை. கேட்காமலே மறைப்பது வேறு, அது பறிப்பு. 1816இல் எல்லிஸ் வெங்கய்யாவின் பெயரைச் சொன்னார். அதே மரியாதையை இன்று ஒரு பீடி சுற்றும் பெண்ணுக்கும், தறி நெய்த முதியவருக்கும் தருவதில் என்ன தடை?

இரண்டாவது, படி. கருப்பாநதி அணையின் பாசனத்தில் நடவு செய்யும் பெண்கள் வயலுக்கும் மடைக்கும் வழங்கும் சொற்கள் உண்டு. நெசவு குறைந்துவரும் தெருவில் தறியின் உறுப்புகளுக்கு வழங்கிய சொற்கள் உண்டு. தந்தையை ஒரு தெருவில் அப்பா என்றும், அடுத்த தெருவில் வாப்பா என்றும் அத்தா என்றும் அழைக்கும் வட்டாரம் இது. இவற்றைப் பதிவு செய்யும் ஒலிக்கோப்பு ஆய்வாளரின் கணினியில் மட்டும் இருந்தால், அது மதுரை மாளிகையில் கிடந்த தாளுக்கு ஒப்பாகும். கணினி பழுதானால் போதும்; அடுப்பே தேவையில்லை. பதிவின் ஒரு படி ஊர் நூலகத்துக்கும், பேசியவர் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இன்று அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மூன்றாவது, புள்ளி. ஆய்வில் பங்கேற்கும் மாணவருக்கு அமெரிக்கத் துறைகள் புள்ளி தருவதன் பின்னே ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: பேசுவதும் உழைப்பு, அதற்கும் மதிப்பு உண்டு. அந்த எண்ணத்தை நம் கல்லூரிகள் நம் நிலைக்கேற்ப விரிக்கலாம். தென்காசி மாவட்டத்து மாணவர் தம் பாட்டியின் பேச்சைப் பதிந்து, எழுத்தில் பெயர்த்து, சொற்பட்டியல் செய்து கொடுத்தால் அது களப்பணியாக ஏற்கப்பட வேண்டும். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைப் போன்ற நிறுவனங்கள் தங்கள் தமிழ், ஆங்கிலப் பாடத்திட்டங்களில் இதற்கு இடம் வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் பாட்டிக்குப் புள்ளி தர முடியாது. அவர் செலவிட்ட நேரத்துக்கு ஊதியம் தரலாம். வயலில் ஒருநாள் கூலியை இழந்து பேச உட்காருபவருக்கு அக்கூலியைத் தருவது உபகாரமன்று, கணக்கு நேர்மை.

பேச்சை விலைக்கு வாங்குவதாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். பணம் கொடுத்தால் ஆய்வாளர் கேட்க விரும்புவதையே பேசுபவர் சொல்லிவிடுவார் என்ற அச்சமும் உண்டு. அச்சத்தில் பொருளில்லாமல் இல்லை. ஆய்வறக் குழுக்கள் அதை எண்ணித்தான் தொகையை அளவாக வைக்கச் சொல்கின்றன. ஆனால் கோட்டைக் கல்லூரியின் பண்டிதர்களும் சம்பளம் வாங்கியவர்களே. சம்பளம் வாங்கியதால் பட்டாபிராமரின் வேர்ப்பட்டியல் பொய்யாகவில்லை. தம் மொழியைப் பிறர் மதிக்கிறார் என்று அறிந்தவர் அம்மொழியைக் கவனமாகவே எடுத்துத் தருவார்.

எல்லிஸ் அதிகாரம் படைத்த ஆட்சியின் அலுவலர். நம் மொழியைக் கற்றதில் அந்த ஆட்சியின் நலனும் கலந்திருந்தது. அதை மறந்து அவரைப் போற்றத் தேவையில்லை. ஆனால் ஆள வந்த இடத்தில் மாணவராக உட்கார்ந்தார்; கற்பித்தவர் பெயரைச் சொன்னார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இனி ஒருநாள் கடையநல்லூரில் ஒரு திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கும் மாணவர், முதல் கேள்வியாகப் பேசுபவரின் பெயரைக் கேட்டு, அதைப் பதிவில் சேர்க்கலாமா என்றும் கேட்கட்டும். ஆம் என்றால், அந்தப் பெயர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.